ஓட்டுக்குள் கழியும் கோடை: கேத்லீன் ட்ரூ-பேக்கரும் நோரிப் பாசியும்

சுஷி என்ற ஜப்பானியச் சோற்றுப் பண்டத்தைச் சுற்றியிருக்கும் கறுப்புத் தாள்தான் நோரி. கடல்பாசியை நறுக்கி, நீரில் கலக்கி, சட்டத்தில் பரப்பி உலர்த்தி எடுக்கிறார்கள். ஒரு தாள் 21 செ.மீ. நீளம், 19 செ.மீ. அகலம், சுமார் 3 கிராம் எடை. ஜப்பானில் ஆண்டுக்குப் பல நூறு கோடித் தாள்கள் தயாராகின்றன. இந்த ஒரு பயிரை நம்பிப் பிழைக்கும் கடலோர ஊர்கள் அங்கே ஏராளம்.

அந்தப் பயிரின் விதை எங்கிருந்து வருகிறது என்பது, தலைமுறை தலைமுறையாக அதை வளர்த்தவர்களுக்கே 1949 வரை தெரியாது. விடைக்கான வழி திறந்தது இங்கிலாந்தில், அதுவும் கடற்கரையே இல்லாத மான்செஸ்டரில். கண்டறிந்தவர் கேத்லீன் மேரி ட்ரூ-பேக்கர் என்ற தாவரவியலாளர். அப்போது அவருக்குப் பல்கலைக்கழகத்தில் சம்பளமுள்ள ஆசிரியர் பதவி கிடையாது. ஜப்பானுக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை.

இந்தக் கதை பெரும்பாலும் 'சுஷியைக் காப்பாற்றிய பெண்மணி' என்ற ஒரே வார்ப்பில்தான் சொல்லப்படுகிறது. அது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிச் சொல்லும்போது அவர் உண்மையில் எதைத் தேடினார் என்பது காணாமல் போகிறது. கண்டுபிடிப்பின் பாதிதான் மான்செஸ்டரில் முடிந்தது, மறுபாதியை ஜப்பானிய மீன்வள ஆய்வாளர்கள் முடித்தார்கள் என்பதும் கூடவே மறைந்துவிடுகிறது. ஒரு ஆய்வு எப்படிப் பிறக்கிறது, அது எப்படி வயலுக்குப் போய்ச் சேர்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடக் கூடாது.

லீ முதல் பெர்க்லி வரை

கேத்லீன் ட்ரூ 1901 நவம்பர் 6 அன்று லங்காஷயரின் லீ என்ற ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு தெற்கே சால்ஸ்பரியில். உதவித்தொகை பெற்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சேர்ந்தார். 1922இல் முதல் வகுப்பில் தேறினார். அந்த நாளில் அங்கே தாவரவியலில் முதல் வகுப்பு வாங்கிய பெண்கள் மிகச் சிலர். மறு ஆண்டே முதுகலைப் பட்டம். பாசி, பூஞ்சை போன்று பூக்காதவற்றைக் கவனிக்கும் துறையில் விரிவுரையாளர் ஆனார்.

1925இல் காமன்வெல்த் ஃபெல்லோஷிப் கிடைத்தது. இரண்டு ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தார். கடல்பாசி ஆய்வில் பெயர் பெற்ற வில்லியம் செட்செல் இருந்த இடம் அது. பாசி சேகரிக்க ஹவாய்வரை போய் வந்தார். அங்கே செய்த வேலை 1928இல் நூலாக வந்தது. சான்ட்ரான்சியா, ரோடோகார்ட்டன், அக்ரோகீட்டியம் என்ற மூன்று செம்பாசிப் பேரினங்களை மறு ஆய்வு செய்த நூல்.

மூன்றும் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத நுண்ணிழைப் பாசிகள். யாருக்கும் பெரிய ஆர்வம் வராத விஷயம். இருந்தாலும் இதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. சான்ட்ரான்சியா என்று பெயர் வைத்திருந்த பாசிகளில் சில தனி இனமே அல்ல. நன்னீரில் வளரும் வேறு செம்பாசிகளின் ஒரு பருவம்தான் அவை என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. ஒரே உயிர் இரண்டு உருவத்தில் வாழும், பார்க்கிறவர்கள் இரண்டு பெயர் வைத்துவிடுவார்கள். இந்தச் சிக்கலோடு ஆண்டுக்கணக்கில் பழகிய கண்தான் இருபது வருஷம் கழித்து ஒரு சிப்பி ஓட்டைப் பார்த்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் ஊகம். ஆனால் அவருடைய கட்டுரைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை. ஸ்பெர்மோதாம்னியன் என்ற செம்பாசியின் குரோமோசோம்களை அவர் 1930களில் எண்ணிக்கொண்டிருந்ததும் இதே கேள்விக்காகத்தான்: இந்தப் பருவத்துக்கு அடுத்தது எந்தப் பருவம்?

திருமணம்

1928இல் ஹென்றி ரைட் பேக்கரை மணந்தார். அவர் இயந்திரப் பொறியியலாளர், பின்னாளில் மான்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர். பழங்கால யூத ஏடுகளான சாக்கடல் சுருள்களில் ஒன்றான செப்புச் சுருளை 1955, 56ஆம் ஆண்டுகளில் சிறு ரம்பம் கொண்டு 23 துண்டுகளாக அறுத்துத் திறந்தவர் இவர்தான். நொறுங்கிவிடும் நிலையில் இருந்த உலோகம் அது. நுட்பமான கை வேலை அந்த வீட்டில் இருவருக்கும் வாய்த்திருந்தது.

மணமான பெண்களை ஆசிரியர் பணியில் வைத்துக்கொள்வதில்லை என்பது அன்றைய மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் விதி. கேத்லீனின் விரிவுரையாளர் பதவி போயிற்று. ஆஷ்பர்ன் ஹால் ஆய்வு நல்கை கொஞ்ச காலம் கைகொடுத்தது. அப்புறம் கௌரவ ஆய்வாளர் என்ற பெயரில் அதே துறையில் தொடர்ந்தார். இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, 1939இல் டி.எஸ்சி. என்ற உயர் அறிவியல் முனைவர் பட்டமும் பெற்றார். வாழ்நாளில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள்.

பதவியும் சம்பளமும் இல்லாததால்தான் அவருக்கு விருப்பம்போல ஆராய்ச்சி செய்ய முடிந்தது என்று இதை நல்லவிதமாகத் திருப்பிச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் வகுப்பு, வெளிநாட்டு ஃபெல்லோஷிப், அச்சில் ஒரு நூல், இத்தனையும் கையில் இருந்த 26 வயது விஞ்ஞானியை, மணம் செய்துகொண்டார் என்ற ஒரே காரணத்துக்காக வெளியே அனுப்பினார்கள். அவர் விடாமல் உழைத்தது அவருடைய பெருமை. அதில் அந்த விதிக்குப் பங்கு இல்லை.

கோடையில் மறையும் பயிர்

இனி ஜப்பான் பக்கம். நோரிக்கான பாசியை அன்று போர்ஃபைரா என்ற செம்பாசி வகையில் சேர்த்திருந்தார்கள். ஒரே ஓர் உயிரணு அடுக்கு கனமுள்ள மெல்லிய இலை. ஊதாவும் பழுப்பும் கலந்த நிறம். இலையுதிர் காலக் கடைசியில் தலைகாட்டும், குளிர்காலம் முழுக்க வளரும், வசந்தம் முடியும்போது அழுகி மறைந்துவிடும். கோடையில் தேடினால் ஒரு துணுக்கும் அகப்படாது. மறுபடி குளிர் தொடங்கும்போது எங்கிருந்தோ வந்து ஒட்டும்.

எடோ விரிகுடாவில், அதாவது இன்றைய டோக்கியோ விரிகுடாவில், மூங்கிலையும் மரக்கிளைகளையும் சேற்றில் நட்டு அதில் தானாக வந்து ஒட்டும் பாசியை வளர்க்கும் பழக்கம் பல நூற்றாண்டுப் பழசு. 20ஆம் நூற்றாண்டில் கிளைகளுக்குப் பதில் வலைகள் வந்தன. வலை வந்தாலும் விதை மட்டும் கடல் தந்தால்தான் உண்டு. எந்த இடத்தில், எந்த வாரத்தில் நட்டால் ஒட்டும் என்பது அனுபவம் சொல்லும் கணக்கு; சில ஆண்டு அந்தக் கணக்கும் பொய்க்கும். அதிர்ஷ்டப் பயிர் என்றே மீனவர்கள் அதைச் சொல்வார்கள். கோடையில் பாசி என்ன ஆகிறது என்பதற்கு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று, அது மிகச் சிறிய இலைகளாக எங்கோ பாறையில் ஒட்டிக் காத்திருக்கிறது என்பது.

போர் முடிந்த பிறகு நிலைமை மோசமாயிற்று. 1948ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூறாவளிகளும் கரையோர மாசும் சேர்ந்து நோரி விளைச்சலைக் கவிழ்த்தன. உணவுத் தட்டுப்பாடு வாட்டிய காலம். வலை போட்டவர்கள் வெறும் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார்கள். விதை எங்கே இருக்கிறது என்றே தெரியாதபோது எதைச் சரிசெய்வது?

சிப்பி ஓட்டில் செந்நிறத் திட்டு

மான்செஸ்டரில் ட்ரூ-பேக்கர் எடுத்துக்கொண்ட இனம் ஜப்பானிய நோரி அல்ல, பிரிட்டிஷ் கரையில் வளரும் போர்ஃபைரா அம்பிலிகாலிஸ். வேல்ஸ் மக்கள் அதை நெடுநேரம் வேகவைத்து, ஓட்ஸ் மாவு சேர்த்துப் பொரித்துச் சாப்பிடுகிறார்கள். ஜப்பானியருக்கு இருந்த அவசரம் எதுவும் அவருக்கு இல்லை. அவர் கேட்டது தூய தாவரவியல் கேள்வி: முதிர்ந்த இலையிலிருந்து கொட்டும் வித்துகளுக்கு, அதாவது விதைபோல முளைக்கும் நுண்ணிய உயிரணுக்களுக்கு, அப்புறம் என்ன நேர்கிறது?

அந்த வித்துகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் முளைக்கவைத்து முன்பே பலர் பார்த்திருந்தார்கள். முளைத்து வருவது இலை அல்ல, மெல்லிய இழை. கொஞ்சம் வளர்ந்து நோஞ்சானாகி நின்றுவிடும். வளர்ப்புச் சூழல் சரியில்லை போலும் என்று விட்டுவிட்டார்கள்.

ட்ரூ-பேக்கர் அந்தப் பாத்திரத்துக்குள் சிப்பி ஓட்டை வைத்தார். இழைகள் ஓட்டைத் துளைத்து உள்ளே போயின. உள்ளே போனதும் செழித்தன. சுண்ணாம்பு அடுக்குகளுக்கு இடையே கிளைவிட்டுப் பரவி, ஓட்டின் மேற்பரப்பில் ரோஜா நிறத் திட்டுகளாகத் தெரிந்தன. கையில் எடுத்துப் பார்த்தால் ஓட்டில் சாயம் பட்டதுபோலத்தான் இருக்கும், தேய்த்தால் போகாது. ஓட்டின் துணுக்கை அமிலத்தில் இட்டுச் சுண்ணாம்பைக் கரைத்த பிறகுதான் இழைப் பின்னல் நுண்ணோக்கியில் முழுசாகத் தென்படும்.

அந்தத் திட்டுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. எட்வர்ட் பேட்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் பாசியியலாளர் 1892இல் ஓடு துளைக்கும் ஒரு செம்பாசியை விவரித்து, கான்கோசெலிஸ் ரோசியா என்று பெயரிட்டிருந்தார். ஐம்பத்தேழு ஆண்டுகள் அது தனி இனமாகப் பட்டியலில் இருந்தது. போர்ஃபைராவும் கான்கோசெலிஸும் ஒரே உயிர் என்று ட்ரூ-பேக்கர் கண்டார். 1949 அக்டோபர் 29 தேதியிட்ட நேச்சர் இதழில் இரண்டே பக்கக் கட்டுரையாக அது வெளிவந்தது.

அதில் போர்ஃபைரா வித்து முளைத்துக் கான்கோசெலிஸ் ஆவது நிறுவப்பட்டிருந்தது. ஓட்டுக்குள் இருக்கும் இழை மறுபடி இலையாவதை அதில் அவர் காட்டவில்லை. வட்டத்தின் ஒரு பாதி இன்னும் திறந்தே கிடந்தது. அவர் அந்த வேலையை விடவும் இல்லை. போர்ஃபைராவின் உறவான பாங்கியாவுக்கும் இதே மாதிரி ஓட்டுப் பருவம் உண்டு என்பது அவருடைய பிந்திய ஆய்வுகளில் வந்தது. 1954இல் அன்னல்ஸ் ஆஃப் பாட்டனி இதழில் போர்ஃபைராவின் வாழ்க்கைச் சுற்றை விரிவாக எழுதினார். ஆய்வகத்தில் கடல் ஏற்றவற்றத்தைப் போல நீர் ஏறி இறங்கும் தொட்டி ஒன்றைக் கணவர் செய்து கொடுத்திருந்தார்.

மறுபாதி முடிந்த இடம்

செகாவா சோகிச்சி க்யூஷு பல்கலைக்கழகத்தின் பாசியியலாளர். ட்ரூ-பேக்கரோடு கடிதத் தொடர்பு உள்ளவர். இந்தக் கண்டுபிடிப்பு ஜப்பானுக்கு என்ன பொருள் தரும் என்று அவருக்கு உடனே புரிந்தது. அரியாக்கே கடலின் கரையில் இருக்கும் குமமோட்டோ மாகாணத்தின் மீன்வளச் சோதனை நிலையத்தில் ஓட்டா ஃபுசாவோ என்ற ஆய்வாளர் இருந்தார். விஷயம் அவர் கைக்குப் போனது. வேல்ஸ் கரைப் பாசிக்குப் பொருந்துவது ஜப்பானிய நோரிக்கும் பொருந்துமா? சரி, பொருந்தினாலும் ஓட்டில் வளர்த்த இழையிலிருந்து வலையில் ஒட்டும் விதையை வேண்டிய நேரத்தில் வாங்க முடியுமா?

1953இல் இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தது. வடகிழக்கே தோஹோக்கு வட்டார மீன்வள ஆய்வகத்தில் குரோகி முனேனாவோ, ஓட்டுக்குள் இருக்கும் இழை முதிர்ந்து ஒரு புதுவகை வித்தை விடுவதையும் அது இலையாக முளைப்பதையும் ஜப்பானிய இனத்தில் காட்டினார். குமமோட்டோவில் ஓட்டா, தொட்டியில் ஓடுகளை வைத்து இழையை வளர்த்து விதை எடுக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

நேச்சரில் வந்த இரண்டு பக்கத்தோடு நின்றிருந்தால் அது வகைப்பாட்டியலாளர்களுக்கு மட்டும் சுவையான செய்தியாக முடிந்திருக்கும். எந்த வெப்பநிலையில் விதை விடும், எவ்வளவு வெளிச்சம் வேண்டும், ஓட்டை எப்படி அடுக்குவது, தொட்டித் தண்ணீரை எப்போது மாற்றுவது என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்தவர்கள் மாகாண நிலையங்களில் வேலை பார்த்தவர்களும், அவர்கள் சொன்னதை நம்பித் தங்கள் கொட்டகையில் தொட்டி கட்டிய நோரி மீனவர்களும்தான். ஆங்கிலத்தில் எழுதப்படும் கட்டுரைகள் பலவற்றில் இவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. ட்ரூ-பேக்கரின் பெருமையை இது குறைக்காது. தான் கண்டதை மறைக்காமல், காப்புரிமை எதுவும் கேட்காமல், முன்பின் பார்த்திராத தேசத்து ஆய்வாளர்களோடு அவர் பகிர்ந்துகொண்டதால்தான் நான்கே ஆண்டில் இது நடந்தது.

இப்போது பயிர் நடக்கும் விதம்

குளிர்கால முடிவில் நல்ல இலைகளைத் தேர்ந்தெடுத்து, சிப்பி ஓடுகள் இருக்கும் தொட்டியில் வித்து கொட்டவிடுகிறார்கள். கோடை முழுக்க ஓடுகள் கொட்டகைக்குள் மங்கலான வெளிச்சத்தில் கிடக்கும். முதலில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும். புள்ளிகள் பரவி ஒன்றோடொன்று சேரும். கோடை முடியும்போது ஓடு முழுக்கக் கறுத்துவிடும். பகல் குறுகி, நீர் குளிர்ந்தால் இழை முதிர்ந்து விதை விடும். கடலடியில் இயற்கையாக நடப்பதும் இதுதான்.

அரியாக்கேயில் கடல்நீர் சுமார் 23 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும் நாளைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். வலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கம்புகளில் கட்டி, ஓடு போட்ட சிறு பிளாஸ்டிக் பைகளை அடியில் தொங்கவிடுவார்கள். விதை ஒட்டியதா என்று வலை நூலைக் கத்தரித்து நுண்ணோக்கியில் எண்ணிப் பார்ப்பார்கள். போதும் என்றால் ஓட்டை எடுத்துவிடலாம். அந்தக் கடலில் ஏற்றவற்ற வேறுபாடு 5, 6 மீட்டர் வரை போகும். நீர் வடியும்போது வலை வெயிலிலும் காற்றிலும் காயும். நோரி அதைத் தாங்கும், கூட வளரும் பிற பாசிகள் தாங்காது. நாற்று சில சென்டிமீட்டர் வளர்ந்ததும் வலைகளில் ஒரு பகுதியை அரைகுறையாக உலர்த்திக் குளிர்பதனத்தில் வைத்துவிடுவார்கள். முதல் வலை நோயில் விழுந்தாலோ அறுவடை முடிந்தாலோ, உறையவைத்த வலை கடலுக்குப் போகும். பாசி உயிரோடு எழும். இந்தக் குளிர்வலை முறை 1960களில் பரவியது. அதற்குள் இயற்கை விதையை நம்பியிருப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது.

விதைப் பிரச்சினை தீர்ந்ததே தவிர, கடலின் பிரச்சினை தீரவில்லை. 2000–01 குளிர்காலத்தில் அரியாக்கேயில் நுண்பாசிகள் பெருகி நீரில் இருந்த சத்தை உறிஞ்சிவிட, நோரி நிறம் வெளுத்து விளைச்சல் படுத்தது. 1997இல் இசஹாயா விரிகுடாவை அடைத்துக் கட்டிய அணையைக் குற்றம்சாட்டி மீனவர்கள் படகுகளோடு போராடினார்கள். அந்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 2022–23 பருவத்திலும் அங்கே இதே சத்துக் குறைவு வந்தது.

நினைவுக்கல்லும் விட்டுச்சென்ற கேள்வியும்

1952இல் மார்கரெட் மார்ட்டினோடு சேர்ந்து பிரிட்டிஷ் பாசியியல் சங்கத்தைத் தொடங்கி, அதன் முதல் தலைவரானார் ட்ரூ-பேக்கர். 1957 செப்டம்பர் 14 அன்று, 55 வயதில், காலமானார். ஜப்பானில் தன் ஆய்வு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதன் தொடக்கத்தை மட்டுமே அவர் பார்த்திருக்க முடியும்.

1963 ஏப்ரல் 14 அன்று, குமமோட்டோவின் உட்டோ நகரில், அரியாக்கே கடலைப் பார்த்து நிற்கும் சுமியோஷியில் அவருக்கு நினைவுக்கல் எழுப்பினார்கள். பணம் போட்டவர்கள் நோரி மீனவர்கள். கடலின் தாய் என்று அவரை அழைக்கிறார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 14ஆம் தேதியும் அங்கே கூடி மரியாதை செய்கிறார்கள்.

அவர் தீர்க்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. இலைக்கும் ஓட்டுக்குள் இருக்கும் இழைக்கும் குரோமோசோம் எண்ணிக்கை எப்படி மாறுகிறது, பாதியாகக் குறைவது எந்தக் கட்டத்தில்? அவர் மறைந்து இரண்டு ஆண்டில், 1959 அன்னல்ஸ் ஆஃப் பாட்டனி இதழில், அவர் ஆய்ந்த அதே போர்ஃபைரா அம்பிலிகாலிஸின் உயிரணுக்களை ஆராய்ந்து விரிவான கட்டுரை எழுதினார் வி. கிருஷ்ணமூர்த்தி. இந்தியப் பாசியியலில் நன்கு அறியப்பட்ட பெயர். சென்னையில் அவர் பெயரிலேயே ஒரு பாசியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பலர் பல விடை சொன்ன இந்த விவாதம் 1980களில்தான் ஓரளவு முடிவுக்கு வந்தது. வெவ்வேறு நிற இலைகள் உள்ள நோரி வகைகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் கலப்பு செய்து பார்த்தார்கள். ஓட்டிலிருந்து வந்த வித்து முளைக்கும்போது, அதன் முதல் இரண்டு பிளவுகளில்தான் எண்ணிக்கை பாதியாகிறது. அதனால் ஒரே இலையில் நான்கு வெவ்வேறு மரபுக் கூறுகள் பட்டைகளாகச் சேர்ந்திருக்கலாம். கலப்பின நோரியில் சிவப்பு, பச்சை, இயல்பு நிறம் எல்லாம் ஒரே இலையில் பட்டை பட்டையாக வருவது இதனால்தான். புது ரகம் உருவாக்குகிறவர்கள் வேண்டிய நிறப் பட்டையை மட்டும் வெட்டியெடுத்து, அதன் வித்தை மறுபடி சிப்பி ஓட்டில் விதைக்கிறார்கள்.